ஐந்து முடிச்சு, ஒரே கை

கல்லுப்பாத்தியில் விடிந்ததும் யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. முதலில் மணிக்கட்டைத்தான் பார்ப்போம். அங்கே கட்டியிருக்கும் பட்டையில் சிவப்பாக ஓர் எண் ஓடும். அன்றைக்கு என்னுடையது 0.12. முந்தின வாரம் 0.14 இருந்தது. என் மனைவி பிரம்மசக்தி அடுப்படியில் நின்றபடியே தன்னுடையதைப் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துப் பட்டையை மூடிக்கொண்டாள். அவளுக்கும் குறைந்திருந்தது. எண் குறைந்தால் ஊரே சந்தோஷப்படும். எங்கள் வீட்டில் மட்டும் அன்று காபி இறங்காது.

காரணம் எளிதுதான். ஊரின் மொத்த எண் எப்போதும் நூறு. எங்களுக்குக் குறைந்திருக்கிறது என்றால் வேறொருவருக்கு ஏறியிருக்கிறது. அந்த வேறொருவர் வெகுநாளாக ஒரே ஆள்தான். பிரம்மசக்தியின் தம்பி மாகாளி. அன்று காலை அவன் எண் 48.

"இன்னும் ரெண்டுதான் இருக்கு," என்றாள் அவள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "வெள்ளிக்கிழமை தாண்டிரும்லா?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வீட்டில் இருந்தால் உட்கார முடியவில்லை. வெளியே போனால் நிற்க முடியவில்லை. நான்கு ஆண்டுகளாக எனக்கு இதே பிழைப்பு.

வெளியூரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முன்பெல்லாம் துப்புத் துலங்காத சாவுகள் கோப்புகளுக்குள் கிடந்து மட்கின. யாருக்கும் அதைப் பற்றிக் கவலை இருக்கவில்லை. கவலையை வரவழைக்கத் தீராமரணச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு வட்டாரத்தில் ஒரு சாவு துலங்கவில்லையென்றால் அந்தப் பழியை அந்த வட்டாரமே சுமக்க வேண்டும். நடுவன் என்கிற கணிப்பொறி ஊரில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் ஐயப்பங்கு போட்டுக் கொடுக்கும். பங்கு பூஜ்யமாக இல்லாதவர் எல்லைத் தூணைத் தாண்ட முடியாது. ஒருவருடைய பங்கு ஐம்பதைத் தொட்டுவிட்டால் முழு நூறும் அவருக்கே போய்விடும், மற்றவர்களுக்குப் பூஜ்யம். அவரை விலக்ககத்துக்கு வண்டி ஏற்றிவிடுவார்கள். அங்கே போய்த் திரும்பி வந்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

ஊரே சுமந்தால் ஊரே பேசும் என்று மேலே இருப்பவர்கள் நினைத்தார்கள். ஊர் பேசத்தான் செய்தது. நிறையவே பேசியது. உண்மை மட்டும் அதில் இல்லை.

சோடிய மின்கலம் வந்த பிறகு உப்புக்கு மவுசு கூடி, எங்கள் உப்பளம் பத்து மடங்கு பெருத்தது. விடியும் நேரத்தில் இறங்கி எட்டு மணிக்குள் கரையேறிவிட வேண்டும். அதற்கு மேல் வெயில் ஆளைச் சாய்த்துவிடும். அப்படி இறங்கியவர்களில் ஐந்து பேர், நான்கு ஆண்டுகளில், வெவ்வேறு நாள்களில் வரப்பில் செத்துக் கிடந்தார்கள். காயமில்லை, நஞ்சில்லை. ஐந்து பேரையும் யாரோ நேராகக் கிடத்தி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, தாடையைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

இந்தக் கட்டு எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உயிர் போனதும் உடம்பு விறைப்பதற்குள் காலைக் கட்ட வேண்டும், வாயைக் கட்ட வேண்டும். இல்லையென்றால் பார்க்க வருகிறவர்கள் முன்னால் அந்த உடம்பு அலங்கோலமாகக் கிடக்கும். வீட்டில் இறந்தால் வீட்டார் செய்வார்கள். அளத்தில் கிடந்தவர்களுக்கு யார் செய்தது? காவல் பறவை, அதாவது போலீஸ் ட்ரோன், வந்து பார்ப்பதற்கு முன்னால் பிணத்தைத் தொடுவது குற்றம். அதனால் நான்தான் என்று யாரும் முன்வரவில்லை. கேமராவை எல்லாம் உப்புக்காற்று ஒரே மாதத்தில் தின்றுவிட்டிருந்தது. ரேகையைப் பாத்தித் தண்ணீர் கழுவிவிட்டிருந்தது. நடுவன் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது: கொன்றவனேதான் கட்டியும் இருக்கிறான். ஐந்தும் ஒரே கை.

மாகாளி முதல் சாவுக்கு இரண்டு மாதம் முன்புதான் ஊருக்குத் திரும்பியிருந்தான். அதுவரை வெளியூரில் ஒரு மின்மயானத்தில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. பழைய பம்பு கொட்டகையில் தனியாக இருந்தான், விடியலில் வரப்பெல்லாம் நடப்பான், யாரோடும் அதிகம் பேச மாட்டான். ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

என் வேலை மொழிப்பதிவு. ஊரில் உள்ள நானூற்று முப்பது பேரும் வாரம் ஒருமுறை என் முன்னால் வந்து உட்கார்ந்து, வட்டாரத்தில் தாங்கள் கண்டது கேட்டது எதையாவது சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் வாரமொழி. சொல்ல மறுத்தால் அவர்கள் பங்கு ஏறும். அதனால் எல்லோரும் எதையாவது சொன்னார்கள். மாகாளி நடந்ததைப் பார்த்தேன், மாகாளி நின்றதைப் பார்த்தேன், மாகாளி என்னைப் பார்த்ததைப் பார்த்தேன். நான் அதைப் பதிந்து நடுவனுக்கு அனுப்புவேன். மச்சினன் பெயரை ஒரு நாளைக்கு நாற்பது தடவை எழுதுகிற வேலை வேறு எவனுக்கு வாய்க்கும்?

அன்று, புதன்கிழமை, கடைசியாக வந்தவர் செபஸ்தியம்மாள். பாத்தியில் உப்பு வாருகிறவர், ஐம்பது வயதிருக்கும், எப்போதும் மழையைப் பற்றியும் பம்பு ரிப்பேரைப் பற்றியும் சொல்லிவிட்டுப் போகிறவர். அன்றைக்கு உட்காரவே இல்லை.

"அண்ணாச்சி, இன்னைக்கு நான் சொல்லுததை எழுதாதிய. கேளுங்க, அம்புட்டுதான்."

"எழுதாம விட்டா உங்களுக்கு ஏறும்."

"ஏறட்டும்."

நான்கு ஆண்டுகளில் அந்தச் சொல்லை எவர் வாயிலும் நான் கேட்டதில்லை. கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தேன்.

"மொத மொதல்ல செத்தானே குமரேசன், அவனுக்குக் காலைக் கட்டினது நான்தான்," என்றார். "என் பக்கத்துப் பாத்திக்காரன். வரப்புல சாஞ்சு கெடந்தான். மூச்சு இல்ல. வாய் பப்பரக்கான்னு தெறந்து கெடக்கு, ஈ மொய்க்கு. அவன் பொண்டாட்டி வந்து அந்தக் கோலத்துலயா பாக்கணும்? துண்டைக் கிழிச்சுத் தாடையைக் கட்டினேன், காலைக் கட்டினேன். நெத்தியில சிலுவை போட்டேன். அம்புட்டும் செஞ்சப்பெறவுதான் தொடக்கூடாதுங்கது நெனப்பு வந்துச்சு. ஓடிட்டேன்."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? ரெண்டாவது சாவுலயும் அதே கட்டு. எனக்கு உசுரே போயிட்டு அண்ணாச்சி. நான் கட்டினதைப் பாத்துட்டுல்லா எவனோ ஆளைக் கொன்னு அதே மாதிரி கட்டுதான்? அந்தப் பாவிக்கு வழி காட்டிவிட்டது நான்லா? ஜெபம் பண்ண உக்காந்தா வாய் வர மாட்டேங்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை அந்தப் பயலைக் கொண்டுபோயிருவாங்களாம். நெசமாவே அவன்தான் கொன்னானா, இல்லியான்னு எனக்குத் தெரியாது. மொதச் சாவு அவன் கணக்குல வரக் கூடாது. அது மட்டும் எனக்குத் தெரியும்."

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

ஏனென்றால் மூன்றாவது சாவில் காலைக் கட்டியது நான். செத்தவன் தவசிமுத்து, என்னோடு பள்ளியில் படித்தவன். விடிகாலையில் அவனைத் தேடிப் போனபோது வரப்பில் விழுந்து கிடந்தான், ஒரு கால் பாத்திக்குள், ஒரு கால் வெளியே. என் வேட்டிக் கரையைக் கிழித்துக் கட்டினேன். செபஸ்தியம்மாள் எப்படிப் பயந்தாரோ நானும் அப்படியே பயந்தேன். ஆனால் எனக்கு ஒரு வசதி இருந்தது. முதல் இரண்டையும் செய்த கொலைகாரன் ஒருவன் எங்கேயோ இருக்கிறான், என் முடிச்சையும் அவன் தலையில் கட்டிவிடலாம் என்று இருந்துவிட்டேன். இத்தனை காலமும் அவன் இருப்பதை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

அதை அவரிடம் சொன்னேன்.

"அப்போ மொதலும் கொலை இல்ல, மூணாவதும் கொலை இல்ல," என்றார் மெதுவாக. "அப்ப மிச்சம் மூணு?"

அவர் போன பிறகு நான்கு ஆண்டு வாரமொழிகளையும் எடுத்துப் பார்த்தேன். கையில் ஒரு முடிச்சை ஒளித்து வைத்திருப்பவனுக்கு அடுத்தவன் கையைக் காட்டக் கூச்சமாக இருக்கும் என்று தோன்றியது. எனக்கு அப்படித்தான் இருந்தது. அதனால் யார் மீதும் ஒருமுறைகூடக் கை நீட்டாதவர்கள் யார் யார் என்று தேடினேன். ஊர் முழுவதிலும் ஐந்தே பேர். செபஸ்தியம்மாள், நான், மருந்தகத்துச் செவிலியர் ஆசீர், எல்லைத் தூண் வரைக்கும் உப்பு லாரி ஓட்டும் லிங்கதுரை. ஐந்தாவது ஆள் மாகாளி. வாராவாரம் என் முன்னால் வந்து, என் முகத்தைப் பாராமல், "சொல்ல ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் பங்கு ஏற்றிக்கொண்டு போனவன். பிரம்மசக்தியின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆசீர் நான் பாதி கேட்கும்போதே அழுதுவிட்டான். இரண்டாவது சாவில் கட்டுத்துணியால் கட்டியவன் அவன். லிங்கதுரை முதலில் என்னை அடிக்க வந்தான், பிறகு லாரிப் படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். நான்காவது முடிச்சு அவன் லாரியில் சரக்குக் கட்டுகிற நைலான் கயிறு. நடுவன் இதையெல்லாம் எப்படி எழுதி வைத்திருந்தது தெரியுமா? கொலைகாரனுக்கு மருத்துவ அறிவு உண்டு; சரக்கு வண்டியோடு தொடர்பு உண்டு; வேண்டுமென்றே ஒவ்வொரு முறையும் கட்டும் பொருளை மாற்றுகிறான்; மிகுந்த தந்திரசாலி. ஐந்து அப்பாவிகளைக் கூட்டி ஒரு மகா கெட்டிக்காரனைச் செய்திருந்தது.

"ஈரவெப்பம்ணே," என்றான் ஆசீர். "அஞ்சு நாளும் காத்தே இல்ல. காத்துல ஈரம் முட்டி நின்னா வேர்வை காயாது. வேர்வை காயலன்னா நெஞ்சு நின்னுரும். நான் கட்டின ஆளு செத்த அன்னைக்கே எனக்குத் தோணுச்சு. ஆனா மொத ஆளுக்குக் கட்டு இருந்துச்சே, அது கொலைதானேன்னு விட்டுட்டேன்."

எல்லோரும் அதே தப்பைத்தான் செய்திருந்தோம். அவரவர் முடிச்சு மட்டும் இரக்கம்; மற்ற நான்கும் கொலை.

ஒப்புதல் மொழியை மட்டும் அவரவர் பட்டையை வாயருகே பிடித்துப் பேசி நடுவனுக்கு நேராகவே அனுப்பலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒருவர் மட்டும் போய் நான் கட்டினேன் என்றால், ஒரே கை என்கிற கணிப்பின்படி ஐந்து சாவும் அவர் தலையில் விழும். வண்டி வந்துவிடும். ஐந்து பேரும் ஒரே மணி நேரச் சுற்றுக்குள் சொன்னால்தான் கை ஒன்றல்ல என்று அதற்குப் புரியும். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிச் சுற்றில் சொல்வதென்று நாங்கள் நான்கு பேரும் பேசி முடிவு செய்தோம். அன்றைக்கு ஏழு மணிக்குத்தான் வாரக் கணிப்பு.

வீட்டுக்கு வந்து பிரம்மசக்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தவசிமுத்துவுக்கு நான் கட்டியதை அவளிடம்கூட அதுவரை சொல்லியிருக்கவில்லை. அவள் அதற்காகக் கோபப்படவில்லை. "என் தம்பி கொல்லலைன்னு ஆயிரும்லா? அது போதும்," என்றாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். அவளை அப்படிப் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. ஆனாலும் அடுத்ததை நான் சொல்லியாக வேண்டும்.

"இன்னொண்ணு இருக்கு. வழக்கு முடிஞ்சா, யாரு மேல கூடுதல் பங்கு இருந்துச்சோ அவங்களுக்கு மொழியெல்லாம் தெறந்துருவாங்க. அவனைப் பத்தி யாரு என்ன சொன்னாங்கன்னு அவன் படிக்கலாம்."

அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, நான்காவது சாவுக்குப் பிறகு, அவள் கொடுத்த வாரமொழி ஒன்று உண்டு. அவர்களுடைய அப்பா இறந்தபோது மாகாளிக்கு ஒன்பது வயது. வீட்டில் அக்காளும் தம்பியும் மட்டும். அவன்தான் அப்பாவின் காலைக் கட்டினான். அந்த மொழி போன நாளில் அவன் பங்கு பன்னிரண்டிலிருந்து முப்பத்தொன்றுக்கு ஏறியது. ஊராரின் ஆயிரம் மொழிகள் செய்யாததை அது ஒன்று செய்தது. அன்றிலிருந்து அவள் சரியாகத் தூங்கியதில்லை. தம்பியைப் பார்க்கப் போகவும் துணிந்ததில்லை. அவனோடு பேசினால் பங்கு ஏறும் என்பது ஊருக்குச் சொன்ன சாக்கு.

"நான் சொன்னதையும் படிப்பானா?"

"படிப்பான். வேணும்னா நான் சொன்னதா சொல்லிக்கிடுதேன்."

"அது எப்படிச் செல்லும்? அப்பா சாவும்போது வீட்டுல நாங்க ரெண்டு பேருதான இருந்தோம்." அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பட்டையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "தெறக்கட்டும். உசுரோட இருந்து என்னைய வையட்டும். போய் அவனைக் கூப்பிடுங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

வியாழன் காலை பம்பு கொட்டகைக்குப் போனேன். மாகாளி தரையில் உட்கார்ந்து ஒரு வால்வைக் கழற்றி உப்புச் சுரண்டிக்கொண்டிருந்தான். நாற்பது வயதுக்குள் தலை முழுக்க நரைத்திருந்தது. கூரைத் தகட்டில் கல்லெறி பட்ட பள்ளங்கள்.

"வாங்க அத்தான்," என்றான், நேற்றுத்தான் பேசிப் பிரிந்தவன் போல. "பங்கு ஏறுமே, பரவால்லியா?"

நின்றுகொண்டே சொன்னேன். செபஸ்தியம்மாளில் தொடங்கி லிங்கதுரை வரைக்கும். கடைசியில், "அஞ்சாவது நீதானே?" என்று கேட்டேன்.

"ம்," என்றான். "பவுன்ராசு."

பவுன்ராஜை எனக்குத் தெரியும். அந்தக் கூரையில் கல்லெறிந்தவர்களில் முதல் ஆள்.

"அவன் உனக்குப் பண்ணின கொடுமைக்கு..."

"அதுக்காவக் காலை விரிச்சுப் போட்டுட்டுப் போயிர முடியுமா அத்தான்? ஊரே வந்து பாக்கும்லா." வால்வை ஊதித் தட்டினான். "மத்த நாலையும் செஞ்ச கொலைகாரன் யாருன்னு நானும் தேடிக்கிட்டுத்தான் இருந்தேன். அதுக்குத்தான் வரப்பு வரப்பா நடந்தது. எவனாவது சிக்குவானான்னு."

நாளைக்கு ஆறு மணிச் சுற்று என்று சொன்னேன்.

"நான் சொல்லி, நீங்க நாலு பேரும் சொல்லாம இருந்தா?"

"உனக்கு வண்டி வரும்."

"நீங்க சொல்லி நான் சொல்லாம இருந்தா?"

"அஞ்சாவது கை யாருன்னு தெரியாம வழக்கு முடியாது. எங்க நாலு பேரையும் விடமாட்டாங்க."

"ஆக, இப்ப நீங்க எல்லாரும் என்னைய நம்பணும்." அவன் சிரித்தான். வாய்விட்டே சிரித்தான். "நல்லாருக்கு அத்தான். ரொம்ப நல்லாருக்கு. வாரேன், போங்க."

வெள்ளிக்கிழமை அளத்துக்கு விடுமுறை. ஐந்தே முக்காலுக்கு என் அலுவலகத்தில் செபஸ்தியம்மாள் இருந்தார், ஆசீர் இருந்தான், மாகாளி வாசல் தூணில் சாய்ந்து நின்றான். லிங்கதுரை வரவில்லை. ஆறு மணி ஆயிற்று. ஆறே கால். அவன் வீட்டுக்கு ஆள் அனுப்பினோம், வீடு பூட்டியிருந்தது. செபஸ்தியம்மாள் ஜெபமாலையை உருட்டினார். ஆசீர் நகத்தைக் கடித்தான். நான் அறைக்குள் எட்டடி போவதும் எட்டடி வருவதுமாக இருந்தேன். ஐந்தாவது ஆள் இல்லாமல் வாயைத் திறந்தால் நாங்கள் காலி. திறக்காவிட்டால் ஏழு மணிக்கு மாகாளி காலி.

"இன்னொரு வாரம் தள்ளிப் போடலாமாண்ணே?" என்றான் ஆசீர், யாரையும் பார்க்காமல்.

மாகாளி அவனைப் பார்த்தான். பிறகு பட்டையை வாயருகே கொண்டுபோனான். "பவுன்ராசுக்குக் காலைக் கட்டினது நான். பேரு மாகாளி," என்றான். நாங்கள் தடுப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டான்.

அவன் எண் 48-லிருந்து 100-க்குத் தாவியது. அதே நொடியில் எங்கள் பட்டைகள் பச்சையாயின. பூஜ்யம். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பூஜ்யம். தெருவில் ஒரு கூச்சல் கிளம்பியது. யாரோ விசிலடித்தார்கள், யாரோ வெடி போட்டார்கள், பையும் பெட்டியுமாகத் தூணை நோக்கி ஓடும் காலடிச் சத்தம் கேட்டது. என் கையில் பச்சை எண். நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, சும்மா இருந்தால் போதும். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. ஒரு நிமிடம் இருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

செபஸ்தியம்மாள்தான் முதலில் பேசினார். "குமரேசனுக்குக் கட்டினது செபஸ்தியம்மாள்," என்றார் பட்டையிடம். அடுத்து நான். அடுத்து ஆசீர், ஈரவெப்பத்தையும் சேர்த்துச் சொன்னான். எங்கள் நால்வர் பட்டையிலும் இருபது என்று சிவப்பாக வந்து நின்றது. மிச்சம் இருபது ஊரார்மேல் போய் விழுந்தது. தெருவில் கூச்சல் அடங்கி, வசவாக மாறியது.

ஆறு ஐம்பத்திரண்டுக்கு லிங்கதுரை ஓடிவந்தான். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"தூண் பக்கத்துல ஒளிஞ்சு நின்னேன் அண்ணாச்சி," என்றான் மூச்சிரைக்க. "எனக்குப் பயம். பச்சை வந்தவுடனே பொண்டாட்டியும் பிள்ளைங்களும் அந்தப் பக்கம் ஓடிட்டாங்க. நானும் ஒரு காலை வச்சிட்டேன். வச்ச காலை எடுக்க முடியல. அவன் கூரை இருக்குல்லா, கல்லெறிஞ்ச கூரை, அது கண்ணு முன்னாடி வந்து நின்னுட்டு." பட்டையை வாயில் வைத்துத் தன் பெயரைச் சொன்னான்.

ஏழு மணிக்கு எல்லாப் பட்டைகளும் ஒரே குரலில் பேசின. கைகள் ஐந்து. கொலைக்கை இல்லை. மரணக் காரணம் ஈரவெப்பம். பிணத்தைத் தொட்ட குற்றத்துக்கு ஐவருக்கும் மூன்று மாத ஊர்ப்பணி. ஐந்து வழக்குகளும் முடிந்தன. அடுத்து மாகாளியின் பட்டை மட்டும் தனியாக ஒலித்தது. அவனைக் குறித்த மொழிகள் அவனுக்குத் திறக்கப்படுகின்றன.

அவன் வெளியே போய் வரப்பில் உட்கார்ந்து பட்டையில் அவற்றைப் படிக்கத் தொடங்கினான். ஊரார் சிலர் தள்ளி நின்று பார்த்தார்கள், ஒருவர் "மாகாளி, நாங்க என்ன நெனச்சோம்னா..." என்று ஆரம்பித்து, முடிக்கத் தெரியாமல் போய்விட்டார். அவன் தலை நிமிரவில்லை. விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனான்.

பிரம்மசக்தி வந்தாள். செருப்புகூடப் போடாமல் வந்திருந்தாள். அவன் முன்னால் போய் நின்றாள். வையட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். அவன் விரல் ஏற்கனவே அவளுடைய மொழியில்தான் நின்றிருந்தது.

"சொன்னவர் பிரம்மசக்தி, உறவு அக்காள்," என்று வாசித்தான். "என் தம்பிக்கு ஒன்பது வயதிலேயே இறந்தவரின் காலைக் கட்டத் தெரியும். வீட்டில் யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. எங்கள் தந்தைக்கு அவன்தான் கட்டினான்." நிமிர்ந்து பார்த்தான். குரலில் கோபமில்லை, கேட்கத்தான் கேட்டான். "அக்கா, நான் அழுதுகிட்டே கட்டினதை நீ சொல்லலியா?"

"சொன்னேனே!" என்றாள். பட்டையைப் பிடித்துத் தானும் படித்தாள், உதடு அசைய, இரண்டு தடவை. "சொன்னேனே மாகாளி. கை நடுங்கி நடுங்கி, முடிச்சு விழாம மூணு தடவை அவுத்துக் கட்டினான், அப்பாவுக்கு வலிக்குமான்னு எங்கிட்ட கேட்டான், அவன் போயி ஆளைக் கொல்லுவானான்னு சொன்னேன். அதைச் சொல்லத்தான அப்பா கதையையே எடுத்தேன். இதுல அது எங்க?"

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அழுகை சான்றாகாது, சுருக்கிப் பதிக என்பது எங்கள் வேலையில் விதி. நான் விதிப்படிதான் செய்தேன். அவள் படிக்காமல் பெருவிரலை வைத்தாள். அன்று மாலை அவன் பங்கு ஏறி எங்கள் பங்கு இறங்கியதைப் பார்த்தபோது, வெட்டியது எது, அதனால் ஆனது எது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. திருத்த மூன்று நாள் தவணை உண்டு. திருத்தவில்லை. எண் இறங்கியது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம், தன் வாயால் தம்பியைக் கெடுத்துவிட்டதாக அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து அவளைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

"சொன்னா, மாகாளி," என்றேன். "நான்தான் எழுதல."

அவன் வரப்பில் சற்று நகர்ந்து, படிந்திருந்த உப்பை உள்ளங்கையால் தள்ளிவிட்டு, அக்காளுக்கு இடம் விட்டான். அவள் உட்கார்ந்து அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஊர் ஜனம் மூட்டை முடிச்சோடு தூணைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வெயில் ஏறத் தொடங்கியது. என்னையும் உட்காரச் சொல்வார்கள் என்று நான் நின்றுகொண்டே இருந்தேன்.